கொலுப் படியும் குழந்தையின் கையும்

கொலு என்பது அரண்மனையில் வழங்கிய சொல். அரசன் பரிவாரங்கள் சூழ அரியணையில் அமர்ந்திருப்பதைக் கொலுவீற்றிருத்தல் என்று நம் முன்னோர் கூறினர். அதே சொல், நவராத்திரி நாட்களில் வீட்டுக் கூடத்தில் படி கட்டிப் பொம்மைகளை வரிசையாக வைக்கும் வழக்கத்திற்கும் பெயராயிற்று. அரசனுக்குரிய சொல் மண் பொம்மைக்கு உரியதானது ஒரு வேடிக்கை போலத் தோன்றலாம். ஆயினும் அந்த வேடிக்கைக்குள் நீண்ட வரலாறு ஒன்று அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றை அறிவதற்குப் பெங்களூரைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறில்லை. ஒரு பக்கம் மைசூர்த் தசராவின் பேரொலி இந்நகரின் காதில் விழுகின்றது. மற்றொரு பக்கம் தமிழ்க் குடும்பங்களும் கன்னடக் குடும்பங்களும் தத்தம் வீடுகளில் பொம்மைக் கொலு வைக்கின்றன. பேரரசின் விழாவும் சிறு வீட்டின் விழாவும் அருகருகே நின்று வளர்ந்த கதையைக் கேட்டால், சின்னஞ்சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பண்டிகையின் அளவு எதுவாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

முதலில் பேரரசின் விழாவைப் பார்ப்போம். 1443-ஆம் ஆண்டில் பாரசீகத்து மன்னர் ஷாருக்கின் தூதராக அப்துர் ரசாக் என்பவர் விசயநகரத்திற்கு வந்தார். அப்போது அங்கே ஆட்சி செய்தவர் இரண்டாம் தேவராயர். மகாநவமி விழாவை அத்தூதர் நேரிற் கண்டு எழுதிவைத்திருக்கிறார். பல அடுக்குகளாக எழுப்பப்பட்ட மண்டபங்கள் அங்கு நின்றன. அவற்றில் அடிமுதல் முடிவரை மனிதர், விலங்கு, பறவை முதலியவற்றின் உருவங்கள் அணி செய்தன. ஈயும் கொசுவுங்கூட விடுபடவில்லை. அம்மண்டபங்களிற் சில சுழன்று சுழன்று கணந்தோறும் புதிய காட்சியைக் காட்டின. இதைப் படிக்கும்போது நம் வீட்டுப் படிகளில் அரசனும் அரசியும், யானையும் குதிரையும், செட்டியாரும் குறத்தியும் நிற்கும் காட்சி நினைவுக்கு வராமற் போகாது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததென்று துணிந்து கூற வேண்டுவதில்லை. உலகத்து உயிர்களையெல்லாம் அடுக்கடுக்காக நிறுத்திக் காணும் ஆசை மன்னனுக்கும் உண்டு, மழலைக்கும் உண்டு என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

1565-ஆம் ஆண்டுப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. அதன் விழா மட்டும் வீழவில்லை. 1610-ஆம் ஆண்டில் ராஜ உடையார் சீரங்கப்பட்டினத்தைக் கைக்கொண்டு, அங்கே தசரா விழாவைத் தொடங்கினார். 1799-இல் திப்பு சுல்தான் மறைந்தபின் தலைநகரம் மைசூருக்கு மாறியது. விழாவும் உடன் சென்றது. 1897-இல் மரத்தாலான பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்த புதிய அரண்மனை 1912-இல் நிறைவெய்தியது. இன்று நாம் காணும் தசராவின் விளக்கொளி அந்த அரண்மனையின் ஒளியே ஆகும். 1971-இல் மன்னர் மானியங்கள் ஒழிக்கப்பட்டன. அரசர் ஏறி வந்த பொன் அம்பாரியில் இப்பொழுது சாமுண்டேசுவரி அன்னையின் திருவுருவம் எழுந்தருளுகின்றது. மன்னராட்சி மறைந்தும் விழா நிலைத்ததற்குக் காரணம், அது அரண்மனையின் மதில்களுக்குள் மட்டும் அடைபட்டுக் கிடக்காமல் வீடுதோறும் வேர் விட்டிருந்ததே.

வீட்டில் அந்த வேர் எது? மரப்பாச்சிதான். செம்மரத்திலோ கருங்காலியிலோ கடைந்தெடுத்த ஆணும் பெண்ணுமான இரண்டு பொம்மைகள். மணமகள் புகுந்த வீடு செல்லும்போது பெற்றோர் அவற்றைச் சீராகக் கொடுத்தனுப்புவர். கன்னட மக்கள் அவற்றைப் பட்டத கொம்பெ, அதாவது பட்டம் சூடிய பொம்மைகள், என்பர். நவராத்திரி வந்தால் அவற்றுக்கு ஆடை உடுத்தி, அணி பூட்டி, மேற்படியில் அமர்த்துவர். அதுவே அந்த வீட்டின் அரசும் அரசியும். மற்ற நாட்களில் அதே மரப்பாச்சி குழந்தையின் கையில் கிடக்கும், மடியில் உறங்கும், சில சமயம் வாயிலும் இருக்கும். செம்மரத்து மரப்பாச்சியைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்கு மருந்தாகப் பூசிய தாய்மாரும் உண்டு. ஒன்பது நாள் அரியணையில் இருந்த பொருள் பத்தாம் நாள் குழந்தையின் விளையாட்டுத் தோழனாக இறங்கிவருகிறது. கொலுவின் உயிர் இந்த இறக்கத்திலேயே இருக்கிறது.

விளையாட்டையும் விழாவையும் வேறு பிரிக்காதது தமிழரின் பழைய மரபு. பூம்புகாரில் சிறுவர் மூன்று உருளைகளோடு கூடிய சிறுதேர் உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தில் சிற்றில் என்றே ஒரு பருவம் உண்டு. தாம் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்கவேண்டாம் என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையை வேண்டுவதாக அது அமையும். இது வெறும் புலவர் கற்பனையன்று. திருநெல்வேலிச் சீமையில் சிறுவீட்டுப் பொங்கல் என்றொரு விழா உண்டு. மார்கழியில் சிறுமியர் வாசலில் மண்ணால் சிறுவீடு கட்டுவர். சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைப்பர். தை மாதத்தில் அச்சிறுவீட்டின் முன் சிறு பானையில் பொங்கலிட்டு, உலர்த்திய எருத்தட்டுக்களைச் சூடம் ஏற்றி ஆற்றில் மிதக்கவிடுவர். பெரியவர் தலைவாசலில் பொங்கியது பெரியவருக்கு; சிறுவீட்டில் பொங்கியது சிறுமியருக்கு. அதற்காகப் பெருஞ்செலவு ஏதுமில்லை. குழந்தையே கட்டி, குழந்தையே பொங்கி, குழந்தையே பரிமாறும் விழா அது.

இத்தகைய மரபுகளோடு தமிழர் பெங்களூருக்கு வந்தனர். கெம்பே கௌடர் 1537-இல் அமைத்த நகரம் ஒருபுறம் இருக்க, 1809-இல் ஆங்கிலேயர் தண்டு எனப்படும் படைவீட்டை நிறுவினர். படைவீரராகவும், பண்டம் வழங்குவோராகவும், கட்டடத் தொழிலாளராகவும் தமிழ் மக்கள் அல்சூரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் குடியேறினர். 1898-இல் கொள்ளைநோய் பரவியபோது நெருக்கம் நீங்கி மக்கள் வாழ்வதற்கென்று பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய பேட்டைகள் எழுந்தன. அரசாங்க அலுவலிலும் கல்வித் துறையிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே கன்னடக் குடும்பங்களுக்கு அண்டை வீட்டாராயின. தமிழர் கொலு என்றனர். கன்னடர் பொம்பெ ஹப்ப என்றனர். பெயர் இரண்டாயினும் பொம்மை ஒன்றுதான். 1905-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து வந்த மின்சாரம் பெங்களூர் வீதிகளில் விளக்கேற்றியது. பின்னாளில் அவ்வொளி கொலுப் படிகளிலும் சிறு சிறு விளக்குகளாகப் பூத்தது.

அக்காலத்து வழக்கம் ஒன்று குறிப்பிடத்தக்கது. மாலையானதும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கூட்டமாகக் கிளம்பி, பொம்மை வைத்திருக்கிறீர்களா என்று வீடு வீடாகக் கேட்டுச் செல்வர். எந்த வீட்டில் வைத்திருந்தாலும் உள்ளே போகலாம். பொம்மைகளைப் பார்த்துவிட்டுத் தெரிந்த பாட்டைப் பாடினால் கை நிறையத் தின்பண்டம் கிடைக்கும். இதைக் கன்னடத்தில் பொம்பெ பாகின என்பர். தமிழர் வீடாயின் சுண்டல். அழைப்பிதழ் இல்லை, நேரம் குறித்தல் இல்லை. விருந்தினர் குழந்தைகளே. பெரியவர் அவர்களுக்குத் துணை வந்தவர் மட்டுமே.

பொம்மைகளும் அப்படி எளியவையாகவே இருந்தன. பண்ணுருட்டி மண் பொம்மை தமிழ்நாட்டிலிருந்து வந்தது. எடை குறைந்த மரத்தில் செதுக்கிய கொண்டபள்ளிப் பொம்மை ஆந்திரத்திலிருந்து வந்தது. மைசூர் செல்லும் சாலையில் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னப்பட்டணம் இருக்கிறது. அவ்வூர்க் கைவினைஞர் வெட்பாலை மரத்தைக் கடைசல் பட்டறையில் சுழற்றிக் கடைவர். சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தைப் பற்றிக்கொள்ளும். பின்பு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். கூரான முனை இல்லை. உடையும் பயம் இல்லை. கீழே விழுந்தால் உருண்டோடும், அவ்வளவே. இத்தொழிலை வளர்த்தவரென்று பாவாஸ் மியான் என்பவரை அவ்வூரார் போற்றுகின்றனர். இத்தொழிலில் முசுலிம் கைவினைஞர் பலர் வழிவழியாக ஈடுபட்டு வந்துள்ளனர். இந்து வீட்டின் கொலுப் படியில் நிற்கும் மரப் பொம்மையை முசுலிம் கை கடைந்து தந்திருக்கிறது என்பதைக் குழந்தைக்குச் சொல்லுவதே ஒரு நல்ல பாடமன்றோ!

இவ்வளவு எளிமையாக நடந்த விழாவின் நிலை இன்று பல வீடுகளில் வேறு. படிகள் ஒற்றைப்படை எண்ணில் இருக்கவேண்டும் என்பது மரபு; மூன்றும் ஒற்றைப்படைதான். ஆனால் மூன்று ஐந்தாகி, ஐந்து ஏழாகி, ஒன்பதும் பதினொன்றும் ஆயின. கொலுப் போட்டிகள் வந்தன, பரிசுகள் வந்தன. வருவோருக்கு வெற்றிலை பாக்கும் மஞ்சளும் கொடுத்தனுப்பிய தட்டில் விலையுயர்ந்த பரிசுப் பொருள்கள் குவிந்தன. பக்கத்து வீட்டார் கொடுத்ததைவிடக் குறைந்ததைக் கொடுத்தால் இழிவு என்ற எண்ணமும் புகுந்தது. இரண்டு அறைகொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், அலுவலகத்திலிருந்து இருட்டிய பின் வீடு திரும்பும் தாய் ஒன்பது நாளும் அடுப்படிக்கும் கூடத்திற்கும் நடந்து களைக்கிறாள். எல்லாவற்றினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. பொம்மையை நோக்கிக் குழந்தையின் கை நீளும்போதெல்லாம் தொடாதே என்ற குரல் எழுகின்றது. குழந்தைக்காகப் பிறந்த விழாவில் குழந்தை அதிகமாகக் கேட்கும் சொல் தொடாதே என்பதானால், அந்தக் கொலு மறுபடி அரண்மனைக்கே போய்விட்டது என்றுதான் பொருள்.

எளிமையை நாடுவோர் வெளியே எங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பெங்களூரின் மற்ற விழாக்களே வழி காட்டும். சங்கராந்தியன்று கன்னடச் சிறுமியர் எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து தட்டில் ஏந்தி வீடு வீடாகக் கொடுத்து வருவர். இனியதை உண்டு இனியதைப் பேசுவோம் என்பது அதன் கருத்து. மிகச் சிறிய குழந்தைகளை மனையில் உட்காரவைத்துத் தலையில் இலந்தைப் பழமும் கரும்புத் துண்டும் கொட்டி வாழ்த்துவதும் உண்டு. கொட்டிய பழங்களைப் பொறுக்க மற்றக் குழந்தைகள் போட்டியிடும் காட்சி கண்கொள்ளாதது. கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டிப் பசவனகுடி நந்தி கோயிலருகே கடலெக்காய் பரிசெ கூடுகிறது. வறுத்த நிலக்கடலையே அப்பெருவிழாவின் செல்வம். இவ்விழாக்களில் ஒன்றிலேனும் குழந்தை எட்ட முடியாத பொருள் இல்லை. அவை வாழ்வதற்கும் அதுவே காரணம்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. சப்பானியர் மார்ச்சு மாதம் 3-ஆம் நாளில் பெண் குழந்தைகளுக்காகப் பொம்மை விழா எடுக்கின்றனர். செந்துணி விரித்த படிகளில் மேலே பேரரசரும் பேரரசியும், கீழே பணிப்பெண்டிரும் இசைவாணரும் வீற்றிருப்பர். நம் கொலுவைக் கண்டவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. தீமையைத் தம்மீது ஏற்றுச் செல்லுமாறு எளிய பொம்மைகளை ஆற்றில் விடும் பழைய வழக்கமும் அந்நாட்டில் உண்டு. காலப்போக்கில் செல்வர் வீடுகளில் பொம்மைகள் பெருத்தன. பட்டும் பொன்னும் ஏறின. 18-ஆம் நூற்றாண்டில் எடோ அரசாங்கம் பொம்மையின் உயரத்திற்கு எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தது. விளைவு என்ன? கைவினைஞர் விரல் அளவுப் பொம்மைகளைச் செய்தனர். அவற்றிலும் முன்போலவே பகட்டு குடியேறியது. ஆடம்பரத்தை அளவுகோலால் அடக்க முடியாது என்பதை அந்த ஆணை நமக்குக் கற்பிக்கிறது. சிறிய கொலுவும் பகட்டாகலாம். பெரிய கொலுவும் எளிமையாகலாம். அரசாங்கத்தால் வகுக்க முடியாத எல்லையைக் குழந்தையின் கையால் வகுக்கலாம். இந்த விழாவில் குழந்தை செய்யக்கூடியது என்ன என்று ஒவ்வொரு செயலிலும் கேட்டுப் பார்ப்பதே அந்த எல்லை.

அவ்வாறு கேட்டால் செய்யவேண்டியவை தாமே புலப்படும். மூன்று படிகள் போதும். மேற்படியில் கலசமும் மரப்பாச்சியும் இருக்கட்டும். நடுப்படியில் பாட்டியார் காலத்து மண் பொம்மைகள் இருக்கட்டும். கீழ்ப்படியைக் குழந்தைக்கே கொடுத்துவிட வேண்டும். சென்னப்பட்டணத்து மரப் பொம்மைகளை அங்கே அது நாள்தோறும் மாற்றி வைக்கட்டும். யானையைச் செட்டியார் கடையில் நிறுத்தினாலும் தடுக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை வாங்குவது வழக்கம். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்கு அளித்தால், பத்தாண்டில் அந்தப் படி அதன் வளர்ச்சியின் வரலாறாகிவிடும்.

படிகளுக்கு முன்னால் ஒரு தட்டில் மண் பரப்பிக் கடுகோ வெந்தயமோ கேழ்வரகோ தூவச் சொல்லலாம். சில நாட்களில் முளை தலைகாட்டும். நவராத்திரி முடிவதற்குள் பசுமை விரியும். குழந்தை காலையில் எழுந்ததும் ஓடிச்சென்று பார்ப்பது பொன் பொம்மையை அன்று, அந்த முளையைத்தான். பொம்மைகளைக் கொண்டு ஒவ்வொரு மாலையும் ஒரு கதை சொல்லலாம். தசாவதாரப் பொம்மைக்குப் பத்துக் கதை. குறத்திப் பொம்மைக்கு மலைக்கதை. மூன்றாம் நாளிலிருந்து கதையைக் குழந்தையே சொல்லும். பெரியவர் கேட்டால் போதும்.

சுண்டலில் நம் முன்னோரின் அறிவு விளங்குகிறது. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, பட்டாணி என்று நாளொரு பயறாக வேகவைத்துத் தேங்காய்த் துருவலோடு கொடுத்தனர். செலவு குறைவு; உடலுக்கு உரம். முந்தின இரவு பயறு ஊறப்போடும் வேலையைக் குழந்தையிடம் விடலாம். ஆயினும் மிகச் சிறிய குழந்தைகளுக்கு முழுப் பயறும் நிலக்கடலையும் தொண்டையில் சிக்கக்கூடும். மசித்துக் கொடுப்பதே நலம். குத்துவிளக்கும் மின்கம்பியும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். தொடாதே என்ற சொல்லை அந்த இரண்டிற்கு மட்டும் சேமித்து வைத்தால், அச்சொல்லுக்கு மதிப்பும் இருக்கும். ஒன்பது மாலையும் விருந்தினரை வரவேற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு மாலைகளை அண்டை அயலாருக்கென ஒதுக்கி, அன்று எம்மதத்துக் குழந்தையும் வரலாம் என்று சொல்லிவிட்டால், மற்ற மாலைகள் குடும்பத்தின் அமைதிக்கு உரியவையாகும். வந்த குழந்தைகளுக்கு ஒரு பொட்டலம் சுண்டலும் ஒரு பாட்டுப் பாடும் வாய்ப்பும் போதுமானவை.

ஒன்பதாம் நாள் கலைமகள் பூசை. குழந்தைகள் தம் புத்தகங்களைத் தாமே அடுக்கி வைப்பர். அன்று படிக்க வேண்டியதில்லை என்ற மகிழ்ச்சியை வேறெந்தப் பரிசும் தரமாட்டாது. அன்றே ஆயுத பூசையும் நடைபெறும். தந்தையின் கருவிக்கும் தாயின் கணிப்பொறிக்கும் பொட்டு வைக்கும்போது, குழந்தையின் மூன்று சக்கர வண்டிக்கும் ஒரு பொட்டு வைக்கத் தவறலாகாது. மறுநாள் விசயதசமியில் புத்தகத்தை எடுத்து ஒரு வரியேனும் படிப்பதும், புதிதாக எழுத்தறிவிப்பதும் மரபு. நெல்லிலோ அரிசியிலோ பரப்பிய முதல் எழுத்தைக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதச் செய்கிறோம். விழா முழுவதும் தொடாதே என்று தடுக்கப்பட்ட விரலாயின் அது தயங்கும்; பொம்மையும் முளையும் பயறும் தொட்டுப் பழகிய விரலாயின் துணிந்து எழுதும்.

விசயதசமி இரவில் ஆரத்தி எடுத்தபின் ஒரு பொம்மையை மெல்லப் படுக்கவைத்துத் தூங்கச் செய்வது வீடுகளில் வழங்கிவரும் வழக்கம். சாத்திரம் எதுவாயினும், ஒரு குழந்தையின் உள்ளம் அறிந்தவரே அதை ஏற்படுத்தியிருக்கவேண்டும். அந்தப் பொறுப்பை வீட்டின் இளைய குழந்தையிடம் ஒப்படைக்கலாம். மறுநாள் பழைய வேட்டித் துண்டுகளில் பொம்மைகளைச் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலையிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு பொம்மையின் மூக்கு உடையக்கூடும். மண்ணை மறுபடி வாங்கலாம். பேரரசுகளின் மண்டபங்கள் இடிந்தன. மர அரண்மனை எரிந்தது. மன்னரின் மானியம் நின்றது. அவற்றையெல்லாம் கடந்து கொலு நம் காலம் வரை வந்திருக்கிறதென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு குழந்தையின் கை அதை ஏற்று வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்ததனாலேயே வந்திருக்கிறது. அந்தக் கையை நாம் தடுக்காதிருப்போமாக.